தாழை ஓலையில் தீபாவளித் தட்டு: மாலை வகுப்புப் பிள்ளைகளின் முடைவு வேலைப் பதிவு

மொரீஷியஸில் தீபாவளியன்று வீட்டில் செய்த பலகாரத்தை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தனுப்பாத குடும்பத்தைக் காண்பது அரிது. பக்கத்து வீட்டார் கிறித்தவரா, முஸ்லிமா, சீனரா என்று எவரும் பார்ப்பதில்லை. சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவுக்குள் தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரித்த கத்தோ பதாத் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேரும். அது போகும் பாத்திரம்தான் காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. சிறிது காலம் மெல்லிய நெகிழிப் பெட்டிகள் புழங்கின. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்கு 2021 ஜனவரியில் தடை வந்த பிறகு, அட்டைப் பெட்டிகள் பெருகின. அட்டை எண்ணெயைக் குடித்து அடியில் கறுத்துவிடும். மறுநாள் குப்பைக்குப் போய்விடும். கொடுத்த வீட்டாரும் வாங்கிய வீட்டாரும் வைத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு சிறு தட்டு இந்த இடத்தில் தேவைப்படுகிறது என்பதைக் கண்ட பிறகே, எங்கள் பிள்ளைகள் என்ன பொருள் செய்து விற்பது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது.

ரோஸ் ஹில் பகுதியில் ஒரு கோயிலை ஒட்டி நடக்கும் தமிழ் வகுப்பில் நான் கற்பிக்கிறேன். ஒன்பது வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் வருகிறார்கள். எங்களுக்கு அருகில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான பகல்நேரப் பராமரிப்பு இல்லம் ஒன்று உள்ளது. அங்கே நாள்தோறும் துவைக்க வேண்டிய துணி மிகுதி. இருந்த சலவை இயந்திரமோ பழுது பார்க்கும் நிலையைக் கடந்துவிட்டது. அந்த இயந்திரத்தைப் பிள்ளைகள் தாங்களே செய்த பொருளை விற்று வாங்கித் தர வேண்டும் என்று வகுப்பில் முடிவாயிற்று. இத்தகைய நிதிக்காக வழக்கமாகச் செய்யப்படும் வாழ்த்து அட்டை, மணி கோத்த கைக்கயிறு, மினுக்குத் தூள் ஒட்டிய புட்டி ஆகியவற்றைப் பெற்றோர் மறுக்காமல் வாங்குவார்கள்; வாங்கியதை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். பணம் வந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பணம் பொருளுக்குக் கிடைத்த விலையன்று, பிள்ளையின் முகத்துக்குக் கிடைத்த அன்பளிப்பு. இவ்விரண்டும் வேறு வேறு என்பதைப் பிள்ளைகள் அறியாமல் வளர்வதை நான் விரும்பவில்லை. ஆகவே, செய்தது பிள்ளைகள் என்று தெரியாத ஒருவரும் விலை கொடுத்து வாங்கக்கூடிய பொருளையே விற்பனை மேசையில் வைப்பது என்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டோம். பின்னர் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் இந்த விதியிலிருந்தே பிறந்தன.

பொருளுக்கான ஓலையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. இத்தீவில் வாக்குவா என்று சொல்லப்படும் மரம் நம் தாழைக்கு நெருங்கிய உறவு. மடகாஸ்கரிலிருந்து பரவியதாகக் கருதப்படும் அந்த மரத்தின் பெயரே எங்கள் மேட்டு நிலத்து நகரம் ஒன்றுக்கும் வழங்குகிறது. தண்டைச் சுற்றித் திருகுபடி போல ஏறும் நீண்ட இலைகளும், நிலத்தில் ஊன்றிய தாங்கு வேர்களும் கொண்ட இம்மரத்தின் ஓலையால்தான் 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து ஏற்றுமதியான சர்க்கரைக்குப் பைகள் முடையப்பட்டன. பின்னர்ச் சணல் கோணி வந்து அந்தத் தொழிலைத் தள்ளிவிட்டது. ஆனாலும் சந்தைக்கு எடுத்துப்போகும் தாந்த் என்னும் கூடையை வாக்குவா ஓலையில் முடைபவர்கள் மொரீஷியஸிலும் ரோட்ரிக்ஸ் தீவிலும் இன்னும் இருக்கிறார்கள். ரெயூனியன் தீவில் சான் ஃபிலிப் ஊர் இந்த ஓலை வேலைக்குப் பெயர் பெற்றது. செட்டிநாட்டில் சீர் கொண்டுபோகப் பனையோலைக் கொட்டான் முடைவதை அறிந்தவர்களுக்கு, நாங்கள் செய்ய நினைத்த பொருளின் வடிவம் உடனே விளங்கிவிடும்.

தென்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த, எழுபது வயதைக் கடந்த ஒரு கூடை முடையும் அம்மையார் எங்களுக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் அவரை, கிரியோலில் அத்தை என்று பொருள்படும் தாந்தின் என்றே அழைத்தார்கள். அவர் கிரியோல் மொழியில் சொல்வார்; நான் அதைத் தமிழில் சொல்ல, பிள்ளைகள் மீண்டும் தமிழிலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கைகளைப் பார்த்தே கற்க வேண்டிய வேலை இது என்பதால், பாதி நேரம் எந்த மொழியும் தேவைப்படவில்லை.

இலையை வெட்டுவதிலேயே கவனம் தொடங்க வேண்டும். நடுக்குருத்தின் இளம் இலை உலர்ந்ததும் சுருங்கி மெலியும். கீழே தொங்கும் பழுப்பேறிய இலை மடித்தால் ஒடியும். இவ்விரண்டுக்கும் இடையில், கரும்பச்சை நிறத்தில் நிமிர்ந்து நிற்கும் முற்றிய இலைகளையே எடுக்க வேண்டும். ஒரு மரத்தில் சிலவற்றை மட்டும் எடுத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவதே முறை. இலையின் இரு விளிம்புகளிலும், அடிப்புறத்து நடு நரம்பிலும் செந்நிற முட்கள் உள்ளன. விளிம்பு முட்கள் பெரும்பாலும் நுனியை நோக்கிச் சாய்ந்திருப்பதால், அடியிலிருந்து நுனிக்குக் கையை ஓட்டினால் அவை அவ்வளவாகத் தைப்பதில்லை. எதிர்த்திசையில் இழுத்தால் தோல் கிழிந்துவிடும். தடித்த தோல் கையுறை அணிந்த பெரியவர்களே வெட்டினோம். முள் களைதல், நரம்பு நீக்குதல், வகிர்தல் ஆகிய கத்தி வேலைகள் அனைத்தையும் பெரியவர்களுக்கும், அவற்றுக்குப் பின் வரும் வேலை அனைத்தையும் பிள்ளைகளுக்கும் என்று தொடக்கத்திலேயே பிரித்துவிட்டோம். இந்தக் கோட்டை இரு பக்கத்தாரும் தாண்டக்கூடாது என்பதில் நான் சற்றுக் கடுமையாகவே இருந்தேன். பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு அதன் கோணல் முடைவைப் பிரித்துச் சீராக்கி வைக்கும் பெரியவர்கள் அன்பினால்தான் அதைச் செய்கிறார்கள். எனினும், மறுநாள் வந்து தன் தட்டைத் தேடும் பிள்ளைக்கு அது அந்நியமாகிவிடுகிறது.

முள்ளும் நரம்பும் நீக்கிய இலை இரண்டு நீண்ட பட்டைகளாகக் கிடைக்கும். அவற்றை ஒரே அகலத்தில் வகிர்வதுதான் தட்டின் அழகை முடிவு செய்கிறது. தாந்தின் தம் கட்டைவிரல் நகத்தாலேயே அளந்து வகிர்ந்துவிடுவார். அந்தத் தேர்ச்சி எங்களுக்கு இல்லாததால், ஒரு வகிர்பலகை செய்துகொண்டோம். உள்ளங்கையில் அடங்கும் அளவு கடின மரக்கட்டை ஒன்றை எடுத்து, காகிதம் வெட்டும் கத்தியின் அலகுகள் மூன்றை 12 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தினோம். இடைவெளி மாறாதிருக்க, அலகுகளுக்கு நடுவே அதே தடிப்புள்ள மரத்துண்டுகளைச் செருகி, குறுக்காக இரண்டு திருகாணிகளால் இறுக்கினோம். அலகின் முனை கட்டைக்கு மேல் சில மில்லிமீட்டர் மட்டுமே நீண்டிருக்க வேண்டும். கூடுதலாக நீண்டால் அலகு வளைந்து கோடு அலையும். கட்டையை மேசையோடு கவ்விவைத்து, பட்டையின் ஒரு முனையை அலகுகளில் அழுத்தி, மறுமுனையைப் பிடித்து ஒரே சீராக இழுத்தால், ஓரத்துக் கழிவு இரண்டும் 12 மில்லிமீட்டர் அகலமுள்ள கீற்று இரண்டும் வந்து விழும். இழுப்பதை நடுவில் நிறுத்தினால், அந்த இடத்தில் கீற்றில் ஒரு பல் விழும். கைப்பழக்கம் உள்ளவர்கள் பத்து மில்லிமீட்டருக்கும் குறைவாக வகிர்கிறார்கள். பிள்ளைகளின் விரலுக்கு 12 வசதியாக இருந்தது. அதைவிட அகலமானால் தட்டின் மூலைகள் முரடாகிவிடுகின்றன.

பச்சைக் கீற்றை முடையக்கூடாது. அது உலரும்போது சுருங்கி, பின்னலெங்கும் சந்து விழுந்துவிடும். கீற்றுகளை வெயிலில் பரப்பி, அவ்வப்போது புரட்டி, மாலைப் பனி விழுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். இங்கே மே முதல் அக்டோபர் வரை குளிர்காலம். மேற்குக் கரையில் அப்போது வறட்சி, மேட்டு நிலத்திலோ தூறல் ஓயாது. இதை முன்னிட்டு, மேற்குக் கரையில் வீடுள்ள ஒரு பெற்றோரின் முற்றத்தில் உலர்த்தும் வேலையை ஒப்படைத்தோம். பச்சை மறைந்து, கீற்று வெளிறிய வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் பதம். பசிபிக் தீவுகளில் பாய்க்கான தாழை ஓலையை வேகவைத்து வெளுப்பாக்கும் வழக்கம் உண்டு. அதற்கு வேண்டிய அண்டாவும் விறகும் ஒரு வகுப்பறைக்கு ஒத்துவராதவை என்பதால் அதை விட்டுவிட்டோம். உலர்ந்த கீற்றுகள் விறைப்பாக இருக்கும். ஒவ்வொன்றையும் வட்டமான மரக்கோலின் மேல் வைத்து முன்னும் பின்னும் இழுத்தால் நார் தளர்ந்து துணி போலக் குழையும். இந்த வேலையில் பிள்ளைகளுக்குக் கிடைத்த மகிழ்ச்சி வேறெதிலும் கிடைக்கவில்லை. தேவைக்கு மேலாகவே இழுத்தார்கள். குழைந்த கீற்றுகளைச் சுருளாகச் சுற்றி, பருத்தித் துணிப் பையில் கட்டித் தொங்கவிட்டோம்.

தட்டின் அளவை வகுப்பிலேயே கணக்கிட்டோம். அடிப்பகுதிக்கு நெடுக்கில் பன்னிரண்டு, குறுக்கில் பன்னிரண்டு கீற்றுகள். ஒவ்வொன்றும் 12 மில்லிமீட்டர் என்றால், அடி ஏறக்குறைய 14.5 சென்டிமீட்டர்ச் சதுரம். சுவருக்கு நான்கு வரிசை, அதாவது 5 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவான உயரம். ஒரு கீற்று அடியைக் கடந்து இருபுறமும் சுவராக ஏறி, விளிம்பில் மடிந்து சொருகவும் இடம் வேண்டுமென்றால், 40 சென்டிமீட்டர் நீளம் போதும். சுவரைச் சுற்றிவரும் கீற்றுக்கு, 58 சென்டிமீட்டர்ச் சுற்றளவோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிவதற்கான நீளமும் சேர்த்து 66 சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்குக் குறையாத ஓர் இலையிலிருந்து நான்கு கீற்றுகள் கிடைக்கும் என்ற கணக்கில், விளிம்பில் வைத்துத் தைக்கும் கீற்றுகளையும் சேர்த்தால் தட்டு ஒன்றுக்கு ஐந்து இலைகள் வேண்டும். கிழிந்ததும் கறைபட்டதும் போக, ஆறு என்று வைத்துக்கொள்வது நல்லது.

முடைவதற்குச் சற்றுமுன் கீற்றுகளை ஈரத் துணியால் துடைத்து, அதே துணியில் சிறிது நேரம் சுற்றிவைக்க வேண்டும். தண்ணீரில் ஊறப்போடுவது எளிது போலத் தோன்றினாலும், ஊறிய கீற்று அகலத்தில் உப்பி, முடைந்து உலர்ந்தபின் மீண்டும் ஒடுங்கும். நெருக்கமாகத் தெரிந்த பின்னல் மறுநாள் சல்லடையாகிவிடும். ஈரம் கீற்று வளைவதற்கு மட்டும் போதுமானதாக இருக்க வேண்டும்.

நெடுக்குக் கீற்றுகளைப் பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் அடுக்கி, ஒரு முனையை அளவுகோலால் அழுத்தி ஒட்டுநாடாவால் பிடித்துக்கொண்டு, குறுக்குக் கீற்றுகளை ஒன்று விட்டு ஒன்றாக நுழைக்க வேண்டும். முதல் குறுக்குக் கீற்றை ஓரத்தில் தொடங்காமல் நடுவில் வைத்து இருபுறமும் பெருக்கிக்கொண்டு போனால், சதுரம் கோணாமல் நிற்கும். ஒவ்வொரு கீற்றையும் முந்தைய கீற்றோடு விரல் நுனியால் நெருக்கித் தள்ள வேண்டும். இளைய பிள்ளைகள் "மேலே, கீழே" என்று சேர்ந்திசையாகச் சொல்லிக்கொண்டே நுழைத்தார்கள். மூத்தவர்களுக்கு விரைவிலேயே சொல் தேவைப்படாமல் போய், கதை பேசத் தொடங்கினார்கள், அப்போதுதான் தவறான இடத்தில் நுழைந்த கீற்றுகள் பெருகின. ஒரு கீற்று பிழையானால் அடுத்த வரிசையில் இரண்டு கீற்றுகள் ஒரே பக்கமாகச் சேர்ந்து கிடப்பது கண்ணுக்குத் தெரியும். அதைக் கண்டதும் பிரித்துவிட வேண்டும், பின்னர்ச் சரியாகும் என்று எண்ணித் தொடரக்கூடாது.

அடி முடிந்ததும், அதன் நான்கு ஓரங்களிலும் இரும்பு அளவுகோலை வைத்து, நீண்டு நிற்கும் கீற்றுகளை மேல்நோக்கி மடித்து, நகத்தால் தேய்த்துத் தடம் பதிக்க வேண்டும். இந்தத் தடம் கூர்மையாக இல்லாவிட்டால், சுவர் வெளிப்பக்கம் சாய்ந்து, தட்டு கிண்ணமாகிவிடும். அவ்வாறு கிண்ணமாகிப்போனதைச் சாவி போட்டுவைக்கலாம் என்று ஒரு பையன் தன் வீட்டுக்கு எடுத்துப்போனான். விற்பனைக்கு அது வரவில்லை.

சுவர் எழுப்பும் இடத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பக்கத்துக்குப் பன்னிரண்டு வீதம் நாற்பத்தெட்டுக் கீற்றுகள் நிமிர்ந்து நிற்கின்றன. இந்த எண்ணிக்கை இரட்டைப்படை என்பதால், ஒரே நீண்ட கீற்றைச் சுற்றிச் சுற்றி முடைந்துகொண்டே போக முடியாது. இரண்டாம் சுற்றும் முதல் சுற்றைப் போலவே அதே கீற்றுகளுக்கு மேலும் கீழுமாகப் போய்விடும், பின்னல் பிடிக்காது. வட்டக் கூடைக்காரர்கள் ஒற்றைப்படையில் கீற்று வைப்பது இதனால்தான். எங்கள் தட்டில் ஒவ்வொரு வரிசையையும் தனி வளையமாகச் சுற்றி, முனைகள் நான்கு நிமிர்கீற்றுகளின் தூரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு மறைத்து முடித்தோம். ஒரு வரிசையைத் தெற்குச் சுவரில் தொடங்கினால் அடுத்ததை வடக்கில் தொடங்க வேண்டும். எல்லாத் தொடக்கமும் ஒரே பக்கத்தில் அமைந்தால், அந்தச் சுவர் மட்டும் தடித்துப் பிதுங்கும். பதினொரு வயது மாணவி ஒருத்தி இந்த இரட்டைப்படைக் காரணத்தை நான் சொல்லுமுன்னரே கண்டுகொண்டு, பக்கத்துக்குப் பன்னிரண்டுக்குப் பதிலாகப் பதின்மூன்று வைத்தால் என்ன என்று கேட்டாள். நான்கு பக்கமும் பதின்மூன்று என்றாலும் ஐம்பத்திரண்டு என்ற இரட்டைப்படையே வரும் என்பதைச் சற்று நேரத்தில் அவளே சொல்லிச் சிரித்தாள்.

மூலைகளை ஒழுங்காக நிறுத்த, துணி காயப்போடும் கிளிப்புகளைவிடச் சிறந்த கருவி கிடையாது. ஒவ்வொரு வரிசையும் மூலையைக் கடக்கும்போது ஒரு கிளிப்பு, வரிசையின் முடிவில் ஒரு கிளிப்பு. வேலை நடக்கும்போது தட்டு முள்ளம்பன்றி போலத் தோற்றமளித்தாலும், கிளிப்புகளை எடுத்ததும் மூலை செங்குத்தாக நிற்கும்.

நான்கு வரிசையும் முடிந்த தட்டுக்கு உடனே விளிம்பு கட்டக்கூடாது. இந்தக் கைவேலையில் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுவே. முடைந்த தட்டைக் காற்றோட்டமான இடத்தில் ஓர் இரவு விட்டுவிட வேண்டும். எவ்வளவு குறைந்த ஈரத்தில் முடைந்தாலும், உலர்ந்ததும் சிறிது சந்து விழும். மறுநாள் கீழ் வரிசையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கீற்றையும் மழுங்கிய மரக்குச்சியால் கீழ்நோக்கி நெருக்கி இறுக்கினால், பெரும்பாலும் அரை வரிசை அளவுக்கு இடம் மிஞ்சும். அதன் பிறகுதான் விளிம்பு. மேல் வரிசைக்கு வெளியே நிற்கும் கீற்றுகளை உள்பக்கம் மடித்து, இரண்டு வரிசைக்குக் கீழே சொருக வேண்டும். உள்ளே நிற்பவற்றை வரிசை மட்டத்தில் கத்தரிக்க வேண்டும். பின்னர் உள்ளே ஒரு கீற்றும் வெளியே ஒரு கீற்றும் வைத்து, மொட்டை ஊசியில் கோத்த ராஃபியா நாரால் இரண்டையும் சேர்த்துச் சுற்றித் தைக்க வேண்டும். ராஃபியா மடகாஸ்கரிலிருந்து வரும் ஒருவகைப் பனையின் நார். பருத்தி நூலைவிட அது ஓலையோடு நிறத்திலும் பிடிப்பிலும் ஒத்துப்போகிறது. வெட்டிய முனை ஒன்றுகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. தயாரான ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் ஒரு பட்டுத் துணியை ஓட்டிப் பார்ப்பதைச் சோதனையாக வைத்தோம். தீபாவளியன்று இதைத் தூக்கிக்கொண்டு போகிறவர் பட்டுப்புடவையில் இருப்பார் என்பதால், நூல் இழுபட்டால் தட்டு மீண்டும் முடைந்தவரிடமே போகும்.

நிறம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். மஞ்சள் தோய்த்த கீற்று முதலில் கண்ணைப் பறித்தது. வெயில் பட்ட சன்னலோரத்தில் வைத்ததும் வெளிறிவிட்டது. பீட்ரூட் சாயம் பழுப்பானது. கடையில் கிடைக்கும் செயற்கைச் சாயத்தைப் பலகாரம் படும் பொருளில் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. வார்னிஷும் அதே காரணத்தால் வேண்டாம் என்று விலக்கினோம். இறுதியில், ஓலையின் பளபளப்பான பக்கத்தையும் மங்கலான பக்கத்தையும் மாற்றி மாற்றி வைத்தாலே மெல்லிய கட்டம் தோன்றுவதைத் தாந்தின் காட்டிக்கொடுத்தார். அதுவே போதுமான அணியாயிற்று. தட்டின் அளவுக்கு வெட்டிய வாழை இலைத் துண்டை அடியில் விரித்துப் பலகாரம் வைக்க வேண்டும் என்ற குறிப்பை, பிள்ளைகள் தமிழிலும் பிரெஞ்சிலும் கையால் எழுதி ஒவ்வொரு தட்டிலும் இட்டார்கள். எண்ணெய் ஓலையில் இறங்கினால் கறை போகாது என்பதால், இந்தக் குறிப்பு அலங்காரத்துக்காக எழுதப்பட்டதன்று.

தட்டு முடைய விரல் வலுவில்லாத இளைய பிள்ளைகள், ஆறு கீற்றுகளில் முடையும் புத்தக அடையாளப் பட்டையைச் செய்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கழிவுக் கீற்றில் செய்ததால் செலவில்லை, நன்றாகவும் விற்றது.

விலையைக் குறிப்பது முடைவதைவிடக் கடினமாக இருந்தது. ராஃபியா, கத்தி அலகு, கிளிப்பு, இலை ஏற்றிவந்த வண்டிச் செலவு ஆகியவற்றைத் தட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தபோது, தட்டுக்கு நாற்பது ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வந்தது. சந்தையில் இதே அளவுள்ள ஓலைப் பொருள்களின் விலையைப் பிள்ளைகளே விசாரித்து வந்தார்கள். அதைவிடக் கூட்டினால் இரக்கத்தை விற்பதாகும். மிகக் குறைத்தால், இதையே தொழிலாகக் கொண்டு வாழும் தாந்தினைப் போன்றவர்களின் பிழைப்பைக் கெடுப்பதாகும். இரண்டையும் பேசித் தட்டுக்கு 150 ரூபாய் என்று முடிவு செய்தோம். மொத்தமாகத் தட்டுகளை வாங்கி, பிள்ளைகளின் பெயரை ஒட்டி விற்றால் விரைவில் நிதி சேர்ந்துவிடுமே என்று ஒரு பெற்றோர் நல்லெண்ணத்தோடு சொன்னார். விரைவில் சேரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வாங்குபவருக்கு நாம் சொல்வது பொய்யாகிவிடும் என்று விளக்கியபோது, அவரே விளிம்பு தைக்கும் ஊசிகளைக் கோத்துத் தர முன்வந்தார்.

கோயில் நிருவாகத்தின் எழுத்து அனுமதியோடு, தீபாவளிக்கு முந்தைய வார இறுதிகளில் வளாகத்தில் மேசை போட்டோம். பிள்ளைகளில் ஒருவர் பொருளைக் காட்டுவார், ஒருவர் பணம் வாங்குவார், ஒருவர் பேரேட்டில் எழுதுவார். பெரியவர் ஒருவர் பின்னால் அமர்ந்திருப்பார். எங்கள் ரூபாய்த் தாள்களில் மதிப்பு தமிழிலும் அச்சிடப்பட்டிருப்பதால், பணம் வாங்கும் பிள்ளை ஒவ்வொரு தாளையும் அந்த வரியைப் படித்துவிட்டே பெட்டியில் போட வேண்டும் என்று ஒரு விளையாட்டை வகுத்தோம். 1998இல் வெளிவந்த தாள்களில் தமிழ் இந்திக்குப் பின் தள்ளப்பட்டிருந்தது என்பதற்காகத் தமிழ் மக்கள் எதிர்த்து, அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்ட கதையைப் பின்னால் இருந்த தாத்தா ஒருவர் விற்பனைக்கு நடுவே சொல்லத் தொடங்க, வரிசை சற்றுத் தேங்கியது. நூறு ரூபாய்த் தாளில் இருக்கும் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் யார் என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். கதை முடியும்வரை யாரும் வரிசையை விட்டு நகரவில்லை.

மேசையில் எதிர்பார்த்தபடியே எழுந்த சிக்கல் மீதிச் சில்லறை. இருநூறு ரூபாய் கொடுத்து, "மீதி வேண்டாம், நல்ல காரியத்துக்குத்தானே" என்று நகர்பவர்கள் பலர். அந்த ஐம்பது ரூபாயைத் தட்டின் விலையோடு கலந்துவிட்டால், எங்கள் முடைவு எவ்வளவு ஈட்டியது என்பது பிறகு தெரியாது. ஆகவே, மீதியைக் கட்டாயம் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் விரும்பினால் பக்கத்தில் பூட்டு போட்ட தனி உண்டியலில் போடலாம் என்று ஏற்பாடு செய்தோம். பேரேட்டிலும் விற்பனைக்கு ஒரு பத்தி, அன்பளிப்புக்கு ஒரு பத்தி. ஒவ்வொரு மாலையும் இரண்டு பிள்ளைகள் தனித்தனியே எண்ணி, இரு எண்ணிக்கையும் ஒத்த பிறகே கையெழுத்திட்டார்கள். விற்பனைப் பத்தி அன்பளிப்புப் பத்தியைவிடப் பல மடங்கு நீண்டிருந்தது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டியபோது, அதன் பொருளை விளக்க வேண்டிய தேவை எழவில்லை. தட்டுகள் தீர்ந்த பிறகும் கேட்டு வந்தவர்களின் பெயரும் வேண்டிய அளவும் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்டன. பெரும்பாலோர் கேட்டது இதைவிட ஒன்றரை மடங்கு பெரிய தட்டும், தூக்கிச் செல்ல ஒரு காதும்.

விற்ற தட்டுகளில் சில கோடை மழை தொடங்கியதும் பூஞ்சை பூத்துத் திரும்பி வந்தன. நெகிழி உறையில் இறுக்கக் கட்டி அலமாரியில் வைத்தவர்களின் தட்டுகளே அவற்றில் மிகுதி. மேட்டு நில வீடுகளில் நவம்பருக்குப் பின் சுவரே வியர்க்கும். மேலாகப் பூத்த பூஞ்சையைத் திறந்த வெளியில் உலர்ந்த தூரிகையால் தட்டி, காடியில் (வினிகரில்) நனைத்துப் பிழிந்த துணியால் பின்னலின் போக்கிலேயே துடைத்து, வெயிலில் இருபுறமும் காயவைத்தால் தட்டு மீண்டுவிடுகிறது. கறுத்த புள்ளி நாருக்குள் இறங்கியிருந்தால், அந்த ஒரு கீற்றை மட்டும் மாற்றலாம். புதிய கீற்றைப் பழையதன் மேலேயே அதே வழியில் நுழைத்து, முழுவதும் போய்ச் சேர்ந்த பின் பழையதை உருவி எடுத்தால், பின்னல் குலையாது. இந்தப் பழுதுபார்ப்புக்குக் காசு வாங்கவில்லை. முடைந்த பிள்ளையே செய்து கொடுத்தது. தட்டின் அடியில் பென்சிலால் எழுதியிருந்த முதலெழுத்தைப் பார்த்து, யாருடையது என்பதைக் கண்டுகொண்டோம்.

சலவை இயந்திரம் வாங்கிய ரசீதின் படி பேரேட்டில் ஒட்டப்பட்டுள்ளது. இல்லத்தின் குழாய் அழுத்தம் குறைவாக இருந்ததால், இயந்திரத்துக்குத் தண்ணீர் வரும் வழியில் ஒரு சிறு தொட்டியும் பொருத்த வேண்டியிருந்தது; அதற்கான தொகை உண்டியல் பணத்திலிருந்து எடுக்கப்பட்டது. மிஞ்சிய தொகையில் புதிய கத்தி அலகுகளும் ராஃபியாவும் வாங்கியிருக்கிறோம். பெரிய தட்டுக்குப் பக்கத்துக்குப் பதினெட்டுக் கீற்றுகளும் 55 சென்டிமீட்டர் நீளமும் வேண்டும் என்று பிள்ளைகள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். காதை விளிம்பில் மட்டும் தைத்தால் பலகாரத்தின் எடைக்குக் கிழியும், அடிவரை இறக்கி முடைய வேண்டும் என்பது தாந்தினின் சொல். குளிர்காலம் தொடங்கி இலை உலர்த்தும் முற்றம் கிடைத்ததும், முதலில் அந்தக் காதைத்தான் செய்து பார்க்க இருக்கிறோம்.